நாலு பேர் டேபிள்: ஜாலி ஆட்டமா, சீரியஸ் ஆட்டமா?

போன வருஷம் ஒரு ராத்திரி, மெஸ் மூடின பிறகு அதே மெஸ் டேபிள்ல நாலு பேர் மேஜிக் விளையாடிட்டு இருந்தோம். எனக்கு நாலாவது டர்ன். கையில ரெண்டு கார்டு, செலவு மூணு மனா. இறக்கினேன், ஆட்டம் முடிஞ்சுபோச்சு. எதிர்ல உட்கார்ந்திருந்த செகண்ட் இயர் ஜூனியர் அதுவரைக்கும் ஒரே ஒரு குட்டி டைனோசரைத்தான் களத்துல வெச்சிருந்தான். "முடிஞ்சதாண்ணா?"ன்னு கேட்டான். "முடிஞ்சதுடா"ன்னேன். கார்டையெல்லாம் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டுட்டு, "அசைன்மென்ட் இருக்குண்ணா"ன்னு எழுந்து போனான். அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவன் அந்த டேபிள் பக்கமே வரல.

நான் ஒரு ரூலையும் மீறல. ஏமாத்தவும் இல்ல. அப்புறம் ஏன் அந்த ஜெயிப்பு தொண்டையில முள்ளு மாதிரி மாட்டிக்கிச்சு? அதை யோசிச்சு, படிச்சு, கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை. கார்டு கேம் ஆடாதவங்களும் படிக்கலாம். நாலு பேர் சேர்ந்து ஆடுற எந்த ஆட்டத்துக்கும் இதுல பாதி பொருந்தும்.

முதல்ல, என்ன ஆட்டம் இது

நம்ம பேட்ச்ல எல்லாரும் ஸ்கூல்ல டபிள்யூ.டபிள்யூ.இ. ட்ரம்ப் கார்டு ஆடியிருப்போம். ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்னு வரிசையா நம்பர் இருக்கும். கிரேட் காளி கையில வந்தா ஹைட் கேக்கணும், பிக் ஷோ வந்தா வெயிட் கேக்கணும். யோசிக்க வேற ஒண்ணும் இல்ல. ஜெயிச்சவன் கார்டை எடுத்துக்குவான். லஞ்ச் பிரேக்ல செட்டையே இழந்துட்டு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போன ஆளுங்க இதைப் படிச்சிட்டு இருக்கலாம். (நான் அதுல ஒருத்தன்.)

மேஜிக் தி கேதரிங் 1993-ல வந்துச்சு. உருவாக்கினவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்துல டாக்டரேட் வாங்கினவர். டிரேடிங் கார்டு கேம்னு ஒரு வகையே இதுல இருந்துதான் தொடங்குச்சு. ஆடுறவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரே சீட்டுக்கட்டு கிடையாது. கடையில விக்கிற ஆயிரக்கணக்கான கார்டுகள்ல இருந்து உங்க கட்டை நீங்களே தேர்ந்தெடுத்துக் கட்டணும். அதனால ஆட்டத்துல பாதி, டேபிள்ல உட்கார்றதுக்கு முன்னாடியே ரூம்ல முடிஞ்சிடுது. ஆரம்பத்துல இதுலயும் நம்ம ட்ரம்ப் கார்டு மாதிரியே ஒரு பந்தய ரூல் இருந்துச்சு. ஆளுக்கு ஒரு கார்டு பந்தயம் வைக்கணும், ஜெயிச்சவன் அள்ளிக்கலாம். காசு போட்டு வாங்கின கார்டை இழக்க யாருக்கு மனசு வரும்? சூதாட்டச் சட்டப் பிரச்சினையும் சேர, கொஞ்ச வருஷத்துலயே அதைக் கைவிட்டுட்டாங்க.

நாங்க ஹாஸ்டல்ல ஆடுறது இதோட கமாண்டர் வகை. ஒரு டெக்ல சரியா 100 கார்டு. அடிப்படை நிலக் கார்டுகளைத் தவிர எதுவும் ரெண்டு தடவை வரக்கூடாது. அந்த 100-ல ஒண்ணு உங்க தளபதி, அது தனியா வெளியில காத்திருக்கும். ஆளுக்கு 40 உயிர். வழக்கமா நாலு பேர், ஒருத்தருக்கொருத்தர் எதிரி. மனாங்கிறது ஆட்டத்துக்குள்ள செலவு பண்ற காசு மாதிரி, முக்கியமா நிலக் கார்டுல இருந்து வரும்.

இந்த வகை பிறந்த கதை நம்ம விஷயத்துக்கு முக்கியம். அமெரிக்காவுல அலாஸ்கா பக்கம் நண்பர்கள் கூட்டத்துல தொடங்கின ஆட்டம் இது. ஷெல்டன் மெனரிங்கிற டோர்னமெண்ட் ஜட்ஜ் அங்க அதைப் பார்த்துட்டு, மத்த ஜட்ஜுங்க நடுவுல பரப்பினார். பகல் முழுக்க அடுத்தவன் போட்டியில தீர்ப்பு சொல்லிட்டு, ராத்திரி களைப்பு போக அவங்க ஆடின ஆட்டம். போட்டியில இருந்து தப்பிக்கத்தான் வளர்ந்துச்சு. கம்பெனி 2011-லதான் இதுக்குன்னு ரெடிமேட் டெக் போட ஆரம்பிச்சது. இன்னைக்கு இந்த ஓய்வு ஆட்டத்துக்கே தனி டோர்னமெண்ட், தனிப் பயிற்சி வீடியோ எல்லாம் வந்தாச்சு. அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் கெட்டுப்போனேன்.

ஒரிஜினல் கார்டு வாங்குற வசதி எங்க டேபிள்ல யாருக்கும் இல்ல. ஒரு கார்டோட அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 ஷீட்ல ஒன்பது கச்சிதமா உட்காரும். 100 கார்டுக்கு 12 ஷீட். ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் எடுத்து, வெட்டி, பழைய சீட்டுக்கட்டோட சேர்த்து உறையில சொருகினா டெக் ரெடி. அதிகாரப்பூர்வ டோர்னமெண்ட்ல இந்த பிராக்ஸி செல்லாது. மெஸ் டேபிள்ல செல்லும். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. விலை ஒரு தடையா இருந்தவரைக்கும் எல்லார் டெக்கும் சுமாராத்தான் இருந்துச்சு. பிரிண்டருக்கு உலகத்துலயே பவர்ஃபுல் கார்டும் ஒரே இங்க், மொக்கை கார்டும் ஒரே இங்க். எதை பிரிண்ட் எடுக்கணும்கிறது முழுக்க உங்க மனசாட்சிக்கு விடப்பட்டது.

கழுதையும் கமாண்டரும்

எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. லீவுல வீட்டுக்குப் போனா மதியம் கரண்ட் போற நேரத்துல ஆயா தலைமையில கழுதை ஆட்டம் நடக்கும். தெரியாதவங்களுக்கு: 52 சீட்டையும் பங்கு போட்டுடணும். ஒருத்தர் போடுற சாதியையே மத்தவங்களும் போடணும். அந்தச் சாதி கையில இல்லாதவர் வேற சீட்டைப் போட்டு வெட்டுவார். அந்தச் சுத்துல பெரிய சீட்டு போட்டவர் தலையில மொத்தமும் விழும். கை காலியானவங்க ஒவ்வொருத்தரா தப்பிச்சிடுவாங்க. கடைசியா சீட்டோட மாட்டிக்கிட்டவர்தான் கழுதை.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. கழுதையில ஜெயிக்கிறது முக்கியமில்ல. தோக்குறது ஒரே ஒருத்தர்தான், மீதி எல்லாரும் தப்பிச்சவங்க. அதனால நல்லா ஆடுறவங்க மேல யாருக்கும் காண்டு கிடையாது. ஆயா முதல் ஆளா தப்பிச்சுட்டு வெத்தலை போட உட்கார்ந்துடும். அதை யாரும் தடுக்க மாட்டாங்க, ஏன்னா ஆயாவைத் தடுத்தா எனக்கு லாபம் இல்ல.

கமாண்டர் அப்படியே தலைகீழ். ஜெயிக்கிறது ஒருத்தர், தோக்குறது மூணு பேர். யார் முன்னாடி போறாங்களோ அவங்களை மத்த மூணு பேரும் சேர்ந்து அமுக்கியே ஆகணும். சம பலம் உள்ள நாலு பேர் ஆடினா உங்க ஜெயிப்பு விகிதம் 25 சதவீதம். நாலு ஆட்டத்துல மூணு தோக்குறதுதான் நியாயமான நிலைமை. இரண்டு பேர் ஆட்டத்துல பழகினவங்களுக்கு இது மண்டையில ஏறவே ஏறாது. நான் 12 ஆட்டத்துல 9 ஜெயிச்சப்போ "நல்லா ஆடுறேன்"னு நினைச்சேன். கணக்குப்படி மூணு ஜெயிக்க வேண்டிய இடத்துல ஒன்பது. அது நல்லா ஆடுறது இல்ல, மத்த மூணு பேர் வேற ஆட்டம் ஆடிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.

ஒண்ணுக்கு ஒண்ணு எடுத்தா யாருக்கு லாபம்?

நாலு பேர் ஆட்டத்தோட அடிப்படைத் தேற்றம்னு நான் சொல்றது இதைத்தான். எல்லார் கையிலும் 7 கார்டு. நான் ஒரு கார்டை செலவு பண்ணி உங்க ஒரு கார்டை அழிக்கிறேன். ரெண்டு பேர் ஆட்டத்துல ஆறுக்கு ஆறு, சரிசமம். நாலு பேர் ஆட்டத்துல? எனக்கு 6, உங்களுக்கு 6, சும்மா வேடிக்கை பார்த்த மத்த ரெண்டு பேருக்கும் 7. சண்டை போட்ட ரெண்டு பேருமே பின்தங்கிட்டோம்.

அதனால யாருக்கும் முதல்ல அடிக்க மனசு வராது. ஆபத்தான கார்டு ஒண்ணு களத்துக்கு வந்தா, "அவன் பார்த்துப்பான்"னு எல்லாரும் உட்கார்ந்திருப்பாங்க. ஹாஸ்டல்ல வாட்டர் டேங்க் நிரம்பி வழியும்போது மோட்டார் ஸ்விட்சை யார் போய் நிறுத்துறதுன்னு நடக்குமே, அதே கதை. ஜாலி டேபிள்ல இந்தத் தயக்கம் ஆட்டத்தை நீட்டும். களத்துல படை பெருகும், டைனோசர் வளரும், கதை நடக்கும். நிறைய பேருக்கு கமாண்டர் பிடிக்கறதே இதுக்காகத்தான்.

சீரியஸ் டேபிள்ல இதே தயக்கத்தை ஆயுதமா மாத்துவாங்க. ஒருத்தர் ஜெயிக்கிற கார்டைப் போட்டதும், மறுத்துப் பேசுற உரிமை அவருக்கு அடுத்தவர்ல தொடங்கி வரிசையா சுத்தி வரும். முதல் ஆள் கையில தடுக்கிற கார்டு இருந்தாலும் "பாஸ்"னு விடுவார். ரெண்டாவது ஆளும் பாஸ். கடைசி ஆளுக்கு வேற வழியில்ல, தன் கார்டைச் செலவு பண்ணித்தான் ஆகணும். அவர்கிட்ட இல்லேன்னா மூணு பேரும் சேர்ந்து தோத்தாச்சு. பொய் சொல்லாம, வாயே திறக்காம அடுத்தவன் பாக்கெட்ல கை விடுற வேலை. முதல்முறை இதைப் புரிஞ்சுக்கிட்டப்போ எனக்குப் புல்லரிச்சது உண்மை. போட்டி ஆட்டம் ஆடுறவங்க வெறும் வெறி பிடிச்சவங்கன்னு நினைச்சீங்கன்னா, அது தப்பு. அவங்க ரசிக்கிற அழகு வேற இடத்துல இருக்கு.

ஏழுல இருந்து அம்பத்தேழு

அடுத்தது ப்ராபபிலிட்டி. பயப்படாதீங்க, செகண்ட் இயர் பேப்பர் அளவு கூட இல்ல.

தளபதி வெளியில இருக்கிறதால உங்க கட்டுல 99 கார்டு. ஆரம்பக் கை 7. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு கார்டு அந்தக் கையில வர்றதுக்கான வாய்ப்பு 99-ல 7, சுமார் 7 சதவீதம். எல்லாம் ஒவ்வொண்ணு மட்டும்ங்கிற ரூலோட நோக்கமே இதுதான். ஒவ்வொரு ஆட்டமும் வேற மாதிரி நடக்கணும்.

இப்போ டியூட்டர் கார்டு உள்ள வருது. "உன் கட்டுல தேடி வேணுங்கிற கார்டை எடுத்துக்கோ"ங்கிறதுதான் அதோட வேலை. அப்படிப் பத்து கார்டு சேர்த்துட்டேன்னு வைங்க. ஒரிஜினலோட சேர்த்து 11 கார்டுல எது வந்தாலும் எனக்கு ஒண்ணுதான். அந்த 11-ல ஒண்ணாவது முதல் ஏழுல வர்ற வாய்ப்பு எவ்வளவு? ஒண்ணும் வராம இருக்கிற வாய்ப்பை முதல்ல பார்ப்போம். 88/99-ஐ 87/98-ஆல பெருக்கி, அப்படியே 82/93 வரைக்கும் ஏழு பின்னங்கள். விடை சுமார் 0.43. அப்போ வர்ற வாய்ப்பு 57 சதவீதம். 7 எங்க, 57 எங்க! வெளியில இருந்து பார்த்தா அதே 100 கார்டு டெக்தான், ரூலும் மீறல. ஆனா தினமும் ஒரே படத்தைப் போடுற தியேட்டரா ஆயிடுச்சு.

அன்னைக்கு நான் போட்டதும் அந்த வகைதான். டெமானிக் கன்சல்டேஷன்னு ஒரு கார்டு, ஒரு மனா. ஒரு கார்டு பெயரைச் சொல்லணும், அது வர்ற வரைக்கும் கட்டுல இருந்து கார்டைத் தள்ளிக்கிட்டே போகணும். கட்டுல இல்லாத பெயரைச் சொன்னா? மொத்தக் கட்டும் காலி. கூடவே தாஸாஸ் ஆரக்கிள், ரெண்டு மனா. கட்டுல கார்டு ஏறக்குறைய இல்லாத நேரத்துல இது வந்தா வந்தவன் ஜெயிச்சான். முதல்ல ஆரக்கிளை இறக்கிட்டு, அதோட விளைவு நடக்குறதுக்குள்ள கன்சல்டேஷனைப் போடணும். சொந்த வீட்டைக் கொளுத்திட்டு அந்த வெளிச்சத்துல ஜெயிக்கிற மாதிரி. போட்டி கமாண்டர்ல இந்த ஜோடி ரொம்பப் பிரபலம். தடுக்கிற கார்டு வெச்சிருக்கிற மூணு பேருக்கு நடுவுல இதை நடத்திக் காட்டுறது பெரிய வித்தை. தடுக்கிற கார்டே இல்லாத டைனோசர் டெக் முன்னாடி நடத்துறது வித்தையே இல்ல. வெறும் பிரிண்ட் அவுட்.

தத்துவம் கொஞ்சம்

டேவிட் சர்லின்னு ஒரு கேம் டிசைனர், ஜெயிக்க ஆடுறது பத்திப் புத்தகமே எழுதியிருக்கார். அவர் கட்சி என்னன்னா: ரூல் புக்ல இல்லாத கட்டுப்பாடுகளை ("இந்த காம்போ சீப், அதைப் போடக்கூடாது") தானே கற்பனை பண்ணிக்கிட்டு, அதை மத்தவனும் மதிக்கணும்னு எதிர்பார்க்கிறவன் வளரவே மாட்டான். நான் இதை ரொம்ப நாள் வேதவாக்கா வெச்சிருந்தேன். டோர்னமெண்ட்ல இது சரி. அறிமுகமில்லாத ரெண்டு பேருக்கு நடுவுல ரூல் புக் மட்டும்தான் பொது மொழி. ஆனா தினமும் முகத்துல முழிக்கிற, நாளைக்கும் உங்ககூட ஆட வரணும்னு நீங்க நினைக்கிற மூணு பேருக்கு நடுவுல ரூல் புக்ல இல்லாத ஒப்பந்தங்கள் நிறைய இருக்கு. கேரம்ல சின்னப் பையனுக்கு ஒரு காயின் விட்டுக் கொடுக்கிறோம். தெரு கிரிக்கெட்ல முதல் பால் ட்ரையல். அதெல்லாம் கற்பனை இல்ல.

எனக்கு உதவினது தி நுயென்ங்கிற தத்துவப் பேராசிரியர் 2020-ல விளையாட்டுகள் பத்தி எழுதின புத்தகம். ரெண்டு விதமான ஆட்டம் இருக்குன்னு அவர் பிரிக்கிறார். ஒண்ணு, ஜெயிப்பு வேணும், அதுக்காகப் போராடுறது. இன்னொண்ணு, அந்தப் போராட்டம் வேணும், அதுக்காக ஜெயிக்க ஆசைப்படுறது. ரெண்டாவது ஆளும் ஆட்டத்துக்குள்ள முழு மூச்சா ஜெயிக்கப் பார்க்கணும், இல்லேன்னா போராட்டமே இருக்காது. ஆனா ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி, போராட்டம் நல்லா அமையிற மாதிரி தன் கையைத் தானே கட்டிக்கலாம். அதுல முரண்பாடே இல்ல.

இதைப் படிச்சப்போதான் என் குழப்பம் தெளிஞ்சது. ஜாலி ஆட்டம்னா மெத்தனமா ஆடுறதுன்னு நினைச்சிருந்தேன். இல்ல. ஜாலி, சீரியஸ்ங்கிற வித்தியாசம் டெக் கட்டுற மேசையிலதான் வரணும். ஆடுற டேபிள்ல ரெண்டு பேரும் ஒரே அளவு முனைப்பாத்தான் ஆடணும். பாவம் பார்த்து வேணும்னே தப்பா ஆடுறவன் இன்னும் மோசம். எதிராளி கண்டுபிடிச்சுட்டா ரெட்டை அவமானம். நானும் ஒரு ஆட்டம் அப்படி ஆடிப் பார்த்தேன், ரூம்மேட் கார்டைத் தூக்கி மேல எறிஞ்சான்.

செஞ்சியில நடந்த பல பேர் ஆட்டம்

எங்க ஊரைப் பத்திச் சொல்லாம விட முடியல. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த 12 மராத்தா கோட்டைகள்ல 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணு மட்டும் தமிழ்நாட்டுல. அது எங்க ஊர்.

1689-ல சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ன பிறகு, சிவாஜியோட இளைய மகன் ராஜாராம் அங்கிருந்து தப்பிச்சு செஞ்சிக் கோட்டைக்கு வந்துட்டார். 1690-ல ஜுல்ஃபிகர் கான் தலைமையில முகலாயப் படை வந்து முற்றுகை போட்டுச்சு. கோட்டை விழுந்தது எப்போ தெரியுமா? 1698 தொடக்கத்துல. ஏழு வருஷத்துக்கு மேல! ராஜகிரி மேல ஏறினவங்களுக்கு அது ஏன்னு கால் வலியே சொல்லிடும். ஆனா மலை மட்டும் காரணம் இல்ல. ஜுல்ஃபிகர் கான் வேணும்னேதான் இழுத்தடிக்கிறார், உள்ள இருக்கிறவங்களோட ரகசியப் புரிதல் இருக்குன்னு அந்தக் காலத்துலயே சந்தேகம் இருந்துச்சு. ஔரங்கசீப்போட சொந்த மகன் காம் பக்ஷ் முற்றுகைப் படையில இருந்துக்கிட்டே ராஜாராமோட பேச்சு வெச்சுக்கிட்டார்னு, அவரையே சொந்தப் படையில காவல்ல வெச்சாங்க. நடுவுல ஜுல்ஃபிகர் கான் முற்றுகையை விட்டுட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினதும் உண்டு. இதுக்கிடையில ஆங்கிலேயக் கம்பெனி 1690-லயே செஞ்சி மராத்தியர்கள்கிட்ட கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிடுச்சு. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. கடைசியில கோட்டை விழுறதுக்கு முன்னாடியே ராஜாராம் நழுவி ஊர் போய்ச் சேர்ந்துட்டார்.

ரெண்டு பேர் சதுரங்கமா பார்த்தா இந்தக் கதை புரியாது. பல பேர் டேபிளா பாருங்க. முடிக்கிற பலம் இருக்கிறவனுக்கு முடிக்க ஆசை இருக்கணும்னு இல்ல. ஒரு பக்கம் தோத்தா அடுத்து யார் பலம் கூடும்னு எல்லாரும் கணக்குப் போடுறாங்க. சும்மா இருந்த மூணாவது ஆள் சந்தடியில ஒரு கோட்டையை வாங்கிட்டுப் போறான். கமாண்டர் டேபிள்ல இதுக்கெல்லாம் பேரே இருக்கு. தான் ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் யார் ஜெயிக்கணும்னு முடிவு பண்ற இடத்துக்கு ஒருத்தர் வந்துடுறார், அது கிங்மேக்கிங். போட்டி டேபிள்ல இது பெரிய தலைவலி. "நான் உன்னைத் தடுத்தா அவன் ஜெயிப்பான், தடுக்கலேன்னா நீ ஜெயிப்பே, பேசாம டிரா பண்ணிக்கலாமா?"ன்னு நாலு பேரும் பேரம் பேசுறது டோர்னமெண்ட்ல சகஜம். திறமையை அளக்கிற கருவியா பார்த்தா நாலு பேர் ஆட்டம் ஒரு ஓட்டைத் தராசு. இது என் சொந்த அபிப்பிராயம், போட்டி கமாண்டர் ஆடுறவங்க சண்டைக்கு வரலாம்.

இன்னொண்ணு. ஏழு வருஷ முற்றுகையை ஜெயிச்ச ஜுல்ஃபிகர் கான் பேர் எங்க ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 1714-ல ஆற்காடு நவாபை எதிர்த்து சொற்பப் படையோட இறங்கி, தோத்து, செத்துப்போன தேசிங்கு ராஜாவை எங்க தெருவுல குழந்தைக்கும் தெரியும்.

அஞ்சு கட்டம்

உலகம் முழுக்க கமாண்டர் டேபிள்கள்ல என் பிரச்சினை இருந்திருக்கு. ரொம்ப நாளா இதுக்கு மருந்து, ஆட்டத்துக்கு முன்னாடி பேசிக்கிறது. அதுக்குப் பேரே ஜீரோ ரூல். ஆனா "உன் டெக் பவர் எவ்வளவு?"ன்னு கேட்டா எல்லாரும் பத்துக்கு ஏழுன்னுதான் சொல்வாங்க. "எப்படி எழுதியிருக்கே?"ன்னு கேட்டா "சுமார்தான் மச்சி"ன்னு சொல்லிட்டு எஸ் கிரேட் வாங்குற பையன் மாதிரி.

ஆட்ட ரூலை ஒரு தன்னார்வக் குழு பார்த்துட்டு இருந்துச்சு. 2024 செப்டம்பர்ல அவங்க மனா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் மாதிரி வேகமும் விலையும் ரொம்ப அதிகமான கார்டுகளைத் தடை பண்ணினாங்க. காசு கொட்டி வாங்கி வெச்சிருந்தவங்க கொதிச்சுட்டாங்க. குழுவுல இருந்தவங்களுக்கு மிரட்டலே வந்துச்சு. ஒரே வாரத்துல குழு பொறுப்பைத் தயாரிப்புக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிட்டு ஒதுங்கிடுச்சு. ஓய்வுக்காகப் பிறந்த ஆட்டத்துக்கு இந்த நிலைமை. மெனரி இதைப் பார்க்கல, 2023-லயே இறந்துட்டார்.

2025 பிப்ரவரியில கம்பெனி அஞ்சு கட்டமா டெக்குகளைப் பிரிச்சு ஒரு சோதனை முறை வெளியிட்டுச்சு. ஒண்ணு, வேடிக்கைக்காக மட்டும் கட்டினது. ரெண்டு, கடையில விக்கிற ரெடிமேட் டெக் அளவு. மூணு, மெருகேத்தினது. நாலு, முழு வேகம். அஞ்சு, போட்டி. ஆட்டத்தையே மாத்துற கார்டுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, முதல் ரெண்டு கட்டத்துல அதுல ஒண்ணும் கூடாது, மூணாவதுல அதிகபட்சம் மூணு, அதுக்கு மேல கணக்கு இல்லன்னு வெச்சாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற ரிஸ்டிக் ஸ்டடி எனக்குப் பிடிச்ச கார்டு. மத்தவங்க ஒவ்வொரு தடவை கார்டு போடும்போதும் ஒரு மனா கட்டணும், கட்டலேன்னா நான் ஒரு கார்டு எடுப்பேன். அச்சு அசல் டோல்கேட். டோல்கேட்டுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்குமோ அவ்வளவுதான் எனக்கும் கிடைச்சது.

நாலுக்கும் அஞ்சுக்கும் கார்டு அளவுல எந்த வித்தியாசமும் இல்லைங்கிறதைக் கவனிங்க. எந்த நோக்கத்தோட உட்கார்றீங்கங்கிறதுதான் வித்தியாசம். அதை எந்தப் பட்டியலும் அளக்காது. அதனால எங்க டேபிள்ல இப்போ நம்பரைக் கேக்கறதில்ல, வேற கேள்வி கேக்கிறோம். உன் டெக் யாரும் தடுக்கலேன்னா எத்தனாவது டர்ன்ல முடிக்கும்? எப்படி முடிக்கும்? நீ இன்னைக்கு எதைப் பார்க்க ஆசைப்படுறே? மூணாவது கேள்விக்கு "என் பெரிய டைனோசர் ஒரு தடவையாவது களத்துக்கு வரணும்"னு ஒருத்தன் சொன்னா, அங்க மூணு மனா காம்போவை எடுக்க எனக்குக் கை வராது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துடுறேன். சீரியஸ் ஆட்டம்னதும் நம்ம வீடுகள்ல காசு வெச்சு ஆடுற ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். ரெண்டும் வேற. ரம்மியில விழுந்த சீட்டை ஞாபகம் வெச்சுக்கிற திறமை வேணும், அது வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லன்னு உச்ச நீதிமன்றம் 1968-லயே சொல்லிடுச்சு. ஆனா திறமை ஆட்டம்ங்கிறதால கடன் அடையாது. ஆன்லைன் ரம்மியால தமிழ்நாட்டுல நடந்த தற்கொலைகளுக்குப் பிறகுதான் 2022 மாநிலச் சட்டம் வந்துச்சு. பணம் வெச்ச ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிரா 2025-ல மத்திய சட்டமும் வந்துச்சு. போட்டி மனப்பான்மையோட ஆடுங்க, தாராளமா. பர்ஸை ரூம்ல வெச்சிட்டு வாங்க.

அந்த ஜூனியர்

செமஸ்டர் லீவுல அவனுக்கு மெசேஜ் போட்டேன். கோட்டை பார்க்க வர்றியான்னு. திருவண்ணாமலை பஸ்ல வந்து இறங்கினான். ராஜகிரி ஏறி, கல்யாண மகால் பார்த்து, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். சாப்பிட்டதும் ஆயா சீட்டுக்கட்டை எடுத்துடுச்சு. ரெண்டு ஆட்டம் கழுதை. ரெண்டுலயும் கழுதை நான்தான்.

அப்புறம் திண்ணையில உட்கார்ந்து, அன்னைக்கு நடந்ததுக்கு சாரிடான்னு சொன்னேன். உன் லெவலுக்கு ஏத்த ஒரு டெக் புதுசா கட்டி வெச்சிருக்கேன், இனிமே அதைத்தான் எடுப்பேன்னேன். அவன் முகம் சுருங்கிடுச்சு.

"லெவல் பிரச்சினை இல்லண்ணா. நீங்க என்ன டெக்னு சொல்லவே இல்ல. ஜாலியா ஆடலாம் வாடான்னு கூப்பிட்டீங்க. நான் அதை நம்பி டைனோசரை எடுத்துட்டு வந்தேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆறு மாசமா கணக்கு, தத்துவம், முற்றுகைன்னு சுத்தின எனக்கு இந்த ஒரு வரி தோணவே இல்ல. என் டெக்கோட பலத்தைத்தான் சந்தேகப்பட்டேனே தவிர, அவனைக் கூப்பிட்ட வார்த்தையைத் திரும்பிப் பார்க்கல.

அவன் பையைத் திறந்து புதுசா ஒரு கட்டை எடுத்தான். உறை புதுசு, உள்ள பிரிண்ட் இன்னும் புதுசு.

"இதுல தடுக்கிற கார்டு பன்னெண்டு போட்டிருக்கேன். உங்க அந்த மூணு மனா டெக் இருக்கா?"

இருந்துச்சு. ஆயாவைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லிட்டுப் போய் எடுத்துட்டு வந்தேன். ரெண்டு பேர்தான், கமாண்டருக்கு ஆள் போதாது. பரவாயில்லன்னு கலைச்சுப் போட்டோம்.